தளத்தில் விரிசல்: கெமிக்கல் கேனைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

விரிசல் விடாமல் இருக்க ஒரு கெமிக்கல் கொடுங்கள் என்று கடையில் கேட்டால் நாலைந்து கேன்களை எடுத்து வைப்பார்கள். ஒன்று தண்ணீரைக் குறைக்கும், ஒன்று இறுகும் நேரத்தைத் தள்ளிப்போடும், ஒன்று கசிவைத் தடுக்கும். கான்கிரீட்டின் சுருக்கத்தை நேரடியாகக் குறைக்கும் சரக்கு பெரும்பாலும் அந்த வரிசையிலேயே இருக்காது. விரிசலிலும் பல ரகம் உண்டு. ஒரு ரகத்துக்கு உதவும் கெமிக்கல் இன்னொரு ரகத்தை மோசமாக்கும். அதனால் கேனின் பெயரை விட்டுவிட்டு, உங்கள் தளத்தில் கண்ணுக்குத் தெரிவது எதுவோ அதிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

முதலில் சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிசலை எப்போது பார்த்தீர்கள்? போட்ட அன்றா, மறுநாளா, இரண்டு மாதம் கழித்தா? கம்பி போகும் கோட்டிலேயே போகிறதா, இஷ்டத்துக்கு ஓடுகிறதா? மேலே மட்டும் உள்ளதா, அடிவரை இறங்கியிருக்கிறதா? சென்ட்ரிங் பிரித்த தளமென்றால் விரிசலைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்பு கட்டி, ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, கீழே போய் நின்று பாருங்கள். அகலத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டாம். கோடு அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டை கிடைக்கிறது, அதை வைத்துப் பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 பொதுவாக 0.3 மி.மீ. வரை அனுமதிக்கிறது. எப்போதும் ஈரமோ மண்ணோ படும் இடத்தில் 0.2 மி.மீ. தான் எல்லை.

போட்ட அன்றே, கான்கிரீட் இறுகும் முன்பே விரிசல்

காலையில் போட்ட தளம். மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்பினால் ஒன்றுக்கொன்று இணையாக, சாய்வாக, ஒரு முழமோ இரண்டு முழமோ நீளத்தில் கோடுகள். மேலே 1, 2 மி.மீ. அகலம்கூட இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும். தளத்தின் ஓரம்வரை பெரும்பாலும் போகாது.

இது ஈரநிலைச் சுருக்கம். மேலே ஊறி வரும் தண்ணீரைவிட ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகமாகும்போது வருவது. சதுர மீட்டருக்கு மணிக்கு 1 கிலோ தண்ணீர் போனால் ஆபத்து என்பது உலகமெங்கும் வைத்திருக்கும் எல்லை. நம் ஆட்கள் வெயிலைத்தான் குற்றம் சொல்வார்கள், ஆனால் பெரிய ஆள் காற்றுதான். காற்றிலும் கான்கிரீட்டிலும் 35 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், காற்று மணிக்கு 5 கி.மீ. வீசும்போது ஆவியாவது 0.55 கிலோ. அதே வெயிலில் காற்று 20 கி.மீ. ஆனால் கிட்டத்தட்ட 1.5 கிலோ. ஆயிரம் சதுர அடித் தளத்தில் மணிக்கு 140 லிட்டர் என்று அர்த்தம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலும், ஆரல்வாய்மொழிப் பக்கத்திலும் கத்திரி வெயில் முடிந்து ஆனி, ஆடியில் போடும் தளத்தில் இந்த விரிசல் வருவது இதனால்தான். வெயில் தணிந்துவிட்டது என்று தைரியமாக இருக்கும் நேரத்தில் காற்று வேலையைக் காட்டிவிடும்.

இங்கேதான் கெமிக்கல் காலை வாருகிறது. சூப்பர் பிளாஸ்டிசைசர் போட்டுத் தண்ணீரைக் குறைத்த கலவையில் மேலே ஊறி வருவதற்குத் தண்ணீரே குறைவு. சிலிக்கா ஃப்யூம் என்ற நுண்பொடி சேர்த்திருந்தால் இன்னும் குறைவு. ஆக, பின்னால் வரும் சுருக்கத்துக்கு நல்லது செய்யும் அதே கலவை முதல் நான்கு மணி நேரத்தில் அதிகக் கவனம் கேட்கும். ரிடார்டர் (இறுகும் நேரத்தைத் தள்ளிப்போடும் கெமிக்கல்) கூடிப்போனாலும் இதே கதை: மேலே தோல் கட்டிவிடும், அடியில் கொழகொழவென்றே இருக்கும், ஆபத்தான நேரம் நீண்டுகொண்டே போகும்.

உடனே செய்ய வேண்டியது: கான்கிரீட் இன்னும் விரலுக்கு அமுங்குகிறது என்றால் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து விரிசலை அடிவரை மூடுங்கள். வெறுமனே மேலே பூசி மறைத்தால் மறுநாள் அதே இடத்தில் திறந்துகொள்ளும். தேய்த்த கையோடு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி ஓரங்களில் செங்கல் வையுங்கள். சிமெண்ட் பொடியைத் தூவுவதும் சிமெண்ட் பால் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம்.

அடுத்த தளத்துக்கு: ஜல்லியையும் சென்ட்ரிங் பலகையையும் முன்கூட்டி நனையுங்கள், வேலையை விடியலுக்கோ மாலைக்கோ மாற்றுங்கள், காற்று வரும் பக்கம் பச்சை வலையாவது கட்டுங்கள். இதற்குப் பிறகுதான் சரக்கு. பாலிப்ரோப்பிலீன் நார், 12 மி.மீ. நீளம், ஒரு மூட்டை சிமெண்டுக்கு 125 கிராம் பொட்டலம் என்ற கணக்கில் கிடைக்கிறது. ஒரு கன மீட்டருக்கு முக்கால் கிலோவிலிருந்து 900 கிராம்வரை வரும். மிக்ஸரில் உதிர்த்துப் போட்டுக் கூடுதலாக ஓரிரு நிமிடம் ஓடவிடுங்கள், இல்லாவிட்டால் உருண்டை கட்டும். இந்த நார் முதல் நாள் விரிசலுக்கு அருமையான மருந்து. ஆனால் மாதங்கள் கழித்து வரும் விரிசலை இந்த அளவு நார் தடுக்காது, கம்பிக்கும் மாற்று ஆகாது. நார் போட்டதால் கம்பி இடைவெளியைக் கூட்டலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை சைட்டை விட்டு அனுப்பிவிடலாம்.

இன்னொன்று, ஆவியாவதைத் தடுக்கத் தெளிக்கும் திரவம். தண்ணீரில் கரைத்துத் தெளித்தால் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் பிடிக்கும். ஒவ்வொரு முறை கட்டை போட்ட பிறகும் மீண்டும் தெளிக்க வேண்டும், ஏனென்றால் தேய்த்தால் படலம் போய்விடும். இது க்யூரிங் காம்பவுண்டு அல்ல. அது ஈரம் போகாமல் காக்க, மேல்வேலை முடிந்த பிறகு அடிப்பது.

கம்பிக்கு நேர் மேலே, கம்பி போகும் கோட்டிலேயே விரிசல்

கட்டம் கட்டமாகக் கம்பியை வரைந்து காட்டியதுபோல் வந்தாலோ, பீமும் தளமும் சேரும் இடத்தில் வந்தாலோ, அது சுருக்கம் அல்ல. கலவை கீழே அமர்ந்திருக்கிறது, கம்பி அமரவிடவில்லை. கலவை நீர்த்துப் போனதும், கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் தடிமன்) குறைவாக இருப்பதும், வைப்ரேட்டர் சரியாக ஓடாததும் காரணம். சூப்பர் பிளாஸ்டிசைசர் அளவு மீறிப் போனாலும் ஜல்லி அடியில் தங்கித் தண்ணீர் மேலே பிரிந்து இதே விரிசல் வரும். இறுகும் முன் பார்த்துவிட்டால் வைப்ரேட்டரை மறுபடி விடலாம். வைப்ரேட்டர் ஊசி தன் எடையிலேயே இறங்கி, எடுத்தால் குழி மூடிக்கொள்ளும் பதம் இருக்கும்வரை அது கான்கிரீட்டுக்கு நல்லதே. பீமை முதலில் நிரப்பி, அது அமர்ந்த பிறகு தளத்தைப் போடுவது பழைய வழி. இன்றைக்கும் அதைவிட நல்ல வழி வரவில்லை.

மேற்பரப்பில் சிலந்தி வலை

தண்ணீர் தெளித்துக் காயும்போது மட்டும் தெரியும், நகம் நுழையாத வலைப்பின்னல். ஊறி நிற்கும் தண்ணீர்மேல் சிமெண்ட் பொடி தூவித் தேய்த்தது, கரணையை அளவுக்கு மேல் ஓட்டியது, தூசு அதிகமுள்ள எம்-சாண்ட், இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். எம்-சாண்டில் 75 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட தூசு 15 சதவீதம்வரை இருக்கலாம் என்கிறது ஐ.எஸ். 383. கிரஷர் பொடியை எம்-சாண்ட் என்று இறக்கும் இடங்களில் அதைத் தாண்டிவிடும். தளத்தின் பலத்துக்கு ஒன்றும் ஆகாது, கெமிக்கலும் வேண்டியதில்லை. மேலே பதிகல் வரப்போகிறது என்றால் மறந்துவிடுங்கள்.

வாரங்கள், மாதங்கள் கழித்து, அடிவரை இறங்கிய நேர் விரிசல்

நீளமான தளத்தின் நடுவில் குறுக்காக, மாடிப்படித் திறப்பின் மூலையிலிருந்து சாய்வாக, கைப்பிடிச் சுவரில் சில அடிக்கு ஒன்றாக. இதுதான் உலர்தல் சுருக்கம். கெமிக்கல் பற்றிய பேச்செல்லாம் உண்மையில் இதற்காகத்தான்.

சிமெண்டோடு சேர்வதற்குத் தேவையானதைவிட அதிகமாக ஊற்றிய தண்ணீர் மாதக்கணக்கில் வெளியேறுகிறது, கான்கிரீட் சுருங்குகிறது. சோதனை விவரம் இல்லையென்றால் சுருக்கத்தை 0.0003 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது ஐ.எஸ். 456. அதாவது 10 மீட்டருக்கு 3 மி.மீ. சுதந்திரமாகச் சுருங்கினால் பிரச்சினை இல்லை. பீமும் தூணும் சுவரும் பிடித்துக்கொண்டிருப்பதால் இழுவிசை ஏறி, பலவீனமான இடத்தில் பிளக்கிறது.

சுருக்கத்தைத் தீர்மானிக்கும் பெரிய எண், ஒரு கன மீட்டரில் உள்ள தண்ணீரின் அளவு. ஐ.எஸ். 10262 கணக்குப்படி முக்கால் அங்குல (20 மி.மீ.) ஜல்லிக்கு, 50 மி.மீ. ஸ்லம்புக்கு (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 186 லிட்டர். 100 மி.மீ. ஸ்லம்ப் வேண்டுமென்றால் சுமார் 197. தண்ணீரை 20 சதவீதம் குறைக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் போட்டால் 158 லிட்டரில் அதே ஸ்லம்ப் வரும். தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.5 என்று வைத்துக்கொண்டால் சிமெண்டும் 394 கிலோவிலிருந்து 316 கிலோவுக்கு இறங்குகிறது. சுருங்குவது சிமெண்ட் பசைதான், ஜல்லி அல்ல. பசை குறைந்தால் சுருக்கமும் குறையும்.

இப்போது சைட்டில் நடப்பதைப் பாருங்கள். கெமிக்கலை ஊற்றுகிறார்கள், தண்ணீரைக் குறைப்பதில்லை. "கலவை நல்லா ஓடுதுங்க சார், பம்ப் அடைக்கல" என்று மேஸ்திரிக்கு மகிழ்ச்சி. அந்தக் கெமிக்கலால் சுருக்கத்தில் ஒரு பைசா லாபம் கிடையாது. தண்ணீரை நிஜமாகக் குறைத்தால்தான் பலன், சிமெண்டையும் சேர்த்துக் குறைத்தால் முழுப் பலன். ரெடிமிக்ஸ் வாங்கினாலும் இதே ஓட்டை இருக்கிறது: 6 கன மீட்டர் லாரி வந்து நிற்கிறது, கலவை கெட்டியாக இருக்கிறது என்று டிரைவர் பைப்பைத் திறந்து 100 லிட்டர் விடுகிறார். கன மீட்டருக்கு 17 லிட்டர். கெமிக்கலுக்குக் காசு கொடுத்து மிச்சப்படுத்திய 39 லிட்டரில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போயிற்று. கெட்டியாக வந்தால் தண்ணீருக்குப் பதில், அந்தக் கம்பெனியின் ஆளை வைத்தே அதே சூப்பர் பிளாஸ்டிசைசரை அளந்து சேர்த்து, டிரம்மை வேகமாகச் சில நிமிடம் சுற்றவிட்டு இறக்கச் சொல்லுங்கள்.

கை மிக்ஸர் வேலையென்றால், எம்20 (எம் எண் கூடினால் வலிமை கூடும்) பெயரளவுக் கலவைக்கு, அதாவது நிலையான விகிதத்தில் கலப்பதற்கு, ஒரு மூட்டைக்கு 30 லிட்டர் உச்சம். மணலில் உள்ள ஈரமும் அதில் அடக்கம். மழை பெய்த மறுநாள் மணலோடு ஐந்தாறு லிட்டர் சும்மா வந்துவிடும். வாளியில் கோடு போட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

தண்ணீரைக் குறைத்த பிறகும் போதவில்லை என்றால்தான் சுருக்கத்தைக் குறைப்பதற்கென்றே உள்ள கெமிக்கல். ஜப்பானில் 1980களில் உருவானது. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். கான்கிரீட்டின் நுண்துளைகளில் தண்ணீர் வற்றும்போது மிச்சத் தண்ணீரின் மேற்பரப்பு வளைந்து, துளையின் சுவர்களை உள்நோக்கி இழுக்கும். இந்தத் திரவம் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் அந்த இழுப்பு தளர்கிறது. வழக்கமான அளவு சிமெண்ட் எடையில் 1 முதல் 2 சதவீதம்: 320 கிலோ சிமெண்டுக்கு 3.2 முதல் 6.4 கிலோ. முதல் சில வாரங்களில் சுருக்கம் பாதிவரை குறையும், நாள்பட நாள்பட லாபம் கொஞ்சம் குறைந்து மூன்றில் ஒரு பங்கு அளவில் நிற்கும். ஊற்றும் திரவத்தின் அளவைத் தண்ணீரிலிருந்து கழிக்க மறக்காதீர்கள். இறுகுவது சற்றுத் தாமதமாகும், வலிமையும் கொஞ்சம் குறையலாம். அதனால் முன்கூட்டி க்யூப் (வலிமையைச் சோதிக்கும் கான்கிரீட் கட்டி) போட்டுப் பார்க்காமல் இறங்க வேண்டாம். விலை சூப்பர் பிளாஸ்டிசைசரைப் போல அல்ல, கூடுதல். தொழிற்சாலைத் தரை, தண்ணீர்த் தொட்டி, இணைப்பே இல்லாத நீளமான தளம் இவற்றுக்குத் தகும். ஆயிரம் சதுர அடி வீட்டுத் தளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்தப் பணத்தில் இரண்டு வாரம் தண்ணீர் காட்ட ஒரு ஆளை வைக்கலாம்.

கடையில் "சுருங்காத" என்று எழுதிய கிரௌட் மூட்டை கிடைக்கும். அது இயந்திரத்தின் அடித்தட்டுக்குக் கீழே நிரப்புவது, தளத்துக்கு ஆகாது. அதேபோல் ஐ.எஸ். 2645 முத்திரை உள்ள வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் கசிவுக்கானது. சுருக்கத்தைக் குறைப்பதாக அதன் தரக்குறியீடு எங்கும் சொல்லவில்லை.

விரிவடையும் சரக்கும் ஒன்று உண்டு. கால்சியம் சல்ஃபோஅலுமினேட், சுண்ணாம்பு அல்லது மெக்னீசியம் ஆக்சைடு வகை. முதல் சில நாட்களில் கான்கிரீட் கொஞ்சம் உப்பும், கம்பி அதைப் பிடித்து அமுக்கும், பின்னால் சுருங்கும்போது முதலில் அந்த அமுக்கம்தான் செலவாகும். யோசனை அழகானது. ஆனால் உப்புவதற்கே தண்ணீர் வேண்டும். முதல் வாரம் தண்ணீர் காட்டாத சைட்டில் இதைப் போடுவது வீண் செலவு. கம்பியின் பிடிமானம் இல்லாத இடத்திலும் வேலை செய்யாது.

எந்தக் கெமிக்கலும் இணைப்பு வெட்டுக்கு (விரிசல் நாம் சொன்ன கோட்டிலேயே விழ முன்கூட்டி வெட்டும் பள்ளம்) மாற்று ஆகாது. 100 மி.மீ. தரையென்றால் இரண்டரை முதல் மூன்றரை மீட்டருக்கு ஒரு வெட்டு, ஆழம் தடிமனில் கால்பங்கு. கான்கிரீட்டின் விளிம்பு உதிராத அளவுக்கு இறுகியதும், போட்ட ராத்திரியே ஆனாலும், கட்டர் இறங்க வேண்டும். மறுநாள் மதியம் வருகிறேன் என்னும் கட்டர்காரர் வரும்போது தரை தானாகவே வெட்டிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் காட்டுவது: ஓ.பி.சி. (கலப்பில்லாத சாதாரண சிமெண்ட்) என்றால் குறைந்தது 7 நாள், பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட்) என்றால் 10, வறண்ட வெயிலில் 14 வரை போகச் சொல்கிறது தரக்குறியீடு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. தான், ஆனால் ஏழு நாள் பழக்கம் மட்டும் மாறவில்லை. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துங்கள். கைப்பிடிச் சுவருக்கும் தூணுக்கும் ஈரச் சாக்கு. க்யூரிங் காம்பவுண்டு அடித்தால், மேலே பூச்சு வரும் பரப்பில் மெழுகு வகை வேண்டாம், பூச்சு ஒட்டாது.

உயர் வலிமைக் கலவை, நன்றாகப் போர்த்தியும் ஓரிரு நாளில் விரிசல்

எம்50, எம்60, தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.40க்குக் கீழே, சிலிக்கா ஃப்யூம் உண்டு. வெளியே தண்ணீர் போகாமலேயே உள்ளே இருக்கும் தண்ணீரைச் சிமெண்ட் குடித்துத் தீர்ப்பதால் வரும் சுருக்கம் இது. இவ்வளவு இறுக்கமான கான்கிரீட்டில் மேலே நிறுத்தும் தண்ணீர் ஆழத்துக்கு இறங்காது. மேலே சொன்ன கிளைக்கால் வகைக் கெமிக்கல் தன் விலைக்கு நியாயம் செய்வது இங்கேதான்.

ஒரு மீட்டர் தடிமன் அடித்தளத்தில், பலகை பிரித்த சில நாளில் விரிசலென்றால் அது சூட்டால் வந்தது. ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) அல்லது ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) சேர்த்துச் சிமெண்டைக் குறைப்பதும், கலவைத் தண்ணீரில் ஐஸ் போடுவதும் அதற்கான வழி.

விரிசலே இல்லை, ஆனால் மறுநாள் காலையிலும் கான்கிரீட் இறுகவில்லை

கெமிக்கலே குற்றவாளி. "ரெண்டு மூடி ஊத்தினா போதும்" என்று மூடிக் கணக்கில் ஊற்றும் சைட்டில் இது நடக்கும். ஐ.எஸ். 456 வைத்திருக்கும் உச்சம், சிமெண்ட் எடையில்: ரிடார்டர் 0.5, பிளாஸ்டிசைசர் 1, சூப்பர் பிளாஸ்டிசைசர் 2 சதவீதம். ஒரு மூட்டைக்கு முறையே கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ. இது உச்சம்தான், வழக்கமான அளவு இதைவிடக் குறைவு. கேனைக் குலுக்கி, அளவுக் குவளையில் அளந்து, கடைசிப் பங்குத் தண்ணீரோடு சேருங்கள். உலர்ந்த சிமெண்ட்மேல் ஊற்றினால் பாதி வீணாகும். அளவு கூடிப் போய்விட்டால் பதறி இடிக்க வேண்டாம். ஈரமாகப் போர்த்தி வையுங்கள், யாரையும் மேலே ஏறவிடாதீர்கள், சென்ட்ரிங்கை வழக்கத்தைவிடத் தாமதமாகப் பிரியுங்கள், க்யூப் முடிவு வந்த பிறகு பேசலாம்.

சூப்பர் பிளாஸ்டிசைசரில் நாஃப்தலீன் வகையையும் பாலிகார்பாக்ஸிலேட் வகையையும் ஒரே கலவையில் சேர்க்காதீர்கள். திடீரென்று கலவை கட்டிக்கொள்ளும். சிமெண்ட் பிராண்டு மாறினாலும் அதே கெமிக்கல் வேறு மாதிரி நடந்துகொள்ளும், எனவே ஒரு மூட்டையில் சோதித்துவிட்டுத் தொடருங்கள். சீக்கிரம் இறுக வேண்டும் என்று கால்சியம் குளோரைடு போடச் சொன்னால் கேட்காதீர்கள். சுருக்கமும் கூடும், கம்பியும் துருப்பிடிக்கும்.

ஏற்கெனவே விழுந்த விரிசல்

கலவையில் சேர்க்கும் எந்தக் கெமிக்கலும் இதற்குப் பயன்படாது. விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், நடுவில் அகலத்தையும் குறியுங்கள். சில மாதம் நீளாமல், அகலாமல் இருந்தால் அது நின்றுவிட்டது. காய்ந்த இடத்தில் 0.3 மி.மீ.க்குள் நின்றுபோன விரிசலை மேலே சீல் செய்தால் போதும். அதற்கு மேல் உள்ளதை எபாக்சி செலுத்தி ஒட்டலாம். தண்ணீர் ஒழுகினால் பாலியூரிதீன் ஊசி. வெயிலுக்கும் குளிருக்கும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் விரிசலில் எபாக்சி வேண்டாம், பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். அதை வெட்டி அகலப்படுத்தி, ரப்பர் போல இழுபடும் சீலன்ட் நிரப்புங்கள்.

சுவரும் பீமும் சேரும் கோட்டில் பூச்சில் வரும் விரிசல் இந்தக் கணக்கிலேயே வராது. அங்கே கோழிவலை அடித்துப் பூச வேண்டும். பீமில் தூணை ஒட்டிச் சாய்வாகப் போகும் விரிசல், தளம் தொய்வதோடு சேர்ந்த விரிசல், துருக்கறை இறங்கும் விரிசல் இந்த மூன்றையும் பூசி மறைக்காமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அவர் வரும்வரை அதன்மேல் தண்ணீர்த் தொட்டியோ செங்கல் அடுக்கோ இருந்தால் இறக்கிவிடுங்கள்.